குறைந்த முதலீட்டில் ஒரு துப்பறியும் நுவார் படம் எடுப்பது எப்படி

ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நடிகர்கள். தனியார் துப்பறிவாளரைப் பற்றிய நுவார் படத்தின் (குற்றமும் இருளும் சந்தேகமும் சூழ்ந்த கதைகளைச் சொல்லும் படவகை) முதல் காட்சியை எடுக்க இவ்வளவு போதும். பெரிய முதலீடு கையில் இல்லாத இயக்குநர்கள் இந்த வகைப் படத்தை நாடி வருவதற்கு இதுவே முக்கியமான காரணம். ஆனால் இந்த எளிமையை நம்பி இறங்குபவர்களில் பலர், மழைக்கோட்டு, தொப்பி, சிகரெட் புகை, சன்னல் பட்டைகளின் நிழல் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் நுவார் வந்துவிடும் என்று எண்ணிக் கதையைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். இன்றைய காலத்தில் நடக்கும் ஒரு துப்பறியும் நுவார் படத்தைச் சிறிய குழுவை வைத்துக்கொண்டு எழுதவும் எடுக்கவும் தொகுக்கவும் விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபிலிம் நுவார் என்ற பெயரை, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பாரிஸ் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்த சில அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றி 1946-இல் எழுதும்போது பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க் பயன்படுத்தினார். கொலையைச் செய்தது யார் என்ற புதிரைவிட, அதில் சிக்கிக்கொண்ட மனிதர்களின் மனமும் நடத்தையுமே இந்தப் படங்களில் முன்னிற்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று படம் எடுப்பவருக்கும் அதுவே தொடக்கப்புள்ளி. வழக்கமான துப்பறியும் கதையில் துப்பறிவாளர் மற்ற எல்லோரையும்விட அதிகம் அறிந்தவர். முடிவில் அனைவரையும் ஓர் அறையில் கூட்டிவைத்து நடந்ததை விளக்குவார். நுவாரின் துப்பறிவாளர் தமக்குத் தெரியும் என்று நினைப்பதைவிடக் குறைவாகவே அறிந்தவர். உண்மை வெளிப்படும்போது அதற்கான விலையையும் அவரே கொடுக்க நேரும். எழுத்து, ஒளி, ஒலி, படத்தொகுப்பு என்று ஒவ்வொரு முடிவையும் இந்த அறியாமையை அளவுகோலாக வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குற்றத்தை முதலில் எழுதுங்கள்

திரைக்கதையைத் துப்பறிவாளரின் அலுவலகத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். அவர் கதைக்குள் வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதை, தேதிவாரியாக, இரண்டு மூன்று பக்கங்களில், ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல் எழுதிவிடுங்கள். யார் யாருக்குப் பணம் கொடுத்தார், யார் எந்த நாளில் எங்கே இருந்தார், யாருக்கு யாரிடம் பயம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தப் பக்கங்கள் பார்வையாளருக்கு உரியவை அல்ல என்பதால், மொழி நயத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே செல்வோம். ஒரு கட்டுமான நிறுவனம் எழுப்பிய கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். கான்கிரீட்டின் தரத்தைப் பற்றிய பொய்யான அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்த ஓர் இளம் பொறியாளர், கையில் கிடைத்த ஆவணங்களோடு தலைமறைவாகிவிடுகிறார். நிறுவனத்தின் ஆட்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே, அவருடைய அக்கா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் நம் துப்பறிவாளரிடம் வருகிறார். துப்பறிவாளரின் பழைய காவல்துறை நண்பர் ஒருவர்தான் அந்தப் பெண்ணை அனுப்பிவைத்திருக்கிறார். துப்பறிவாளர் திறமைசாலி, பத்தே நாளில் பொறியாளரின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார். மறுநாள் காலையில் பொறியாளர் இறந்துகிடக்கிறார். துப்பறிவாளரின் திறமையே கொலைக்கு வழிகாட்டியாகிவிட்டது. படத்தின் இரண்டாம் பாதி இந்தக் குற்ற உணர்விலிருந்து தொடங்குகிறது.

முழு உண்மை கையில் இருப்பதால், இனி ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று குறிப்புகளை எழுதலாம்: இந்தக் காட்சியில் அவர் அறிந்துகொள்வது என்ன, அதிலிருந்து அவர் தவறாக முடிவுகட்டுவது என்ன, மற்றவர் மறைப்பது என்ன. இரண்டாவது குறிப்பை எழுத முடியாத காட்சிகள் பெரும்பாலும் வெறும் தகவல் காட்சிகளாகவே இருக்கும். அவற்றை வேறொரு காட்சியோடு இணைத்துவிடுவது நல்லது.

தவறான முடிவை எப்படிக் கட்டுவது என்பதை ஒரு காட்சியைக் கொண்டு பார்க்கலாம். அந்தப் பெண் மேசையில் ஒரு புகைப்படத்தை வைக்கிறார். அதில் இளைஞர் மட்டும் நிற்கிறார். அவருடைய இடது தோளின்மேல் வேறு யாரோ ஒருவரின் நான்கு விரல்கள் தெரிகின்றன. ஒரு விரலில் அகலமான மோதிரம். அதற்கு அப்பால் படம் கத்தரிக்கப்பட்டிருக்கிறது.

“இது யாருடைய கை?”

“என்னுடையதுதான். அந்தப் படத்தில் என் முகம் நன்றாக விழவில்லை, வெட்டிவிட்டேன்.”

துப்பறிவாளர் அவருடைய மெல்லிய விரல்களைப் பார்க்கிறார், புகைப்படத்தைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் அதை உறையில் போடுகிறார். அது ஓர் ஆணின் கை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிரிந்துபோன கணவரின் படத்தை இந்தப் பெண் காட்ட விரும்பவில்லை என்று தமக்குள் முடிவுகட்டிக்கொள்கிறார். ஒரு பொய்யைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியில், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய பொய்யை விட்டுவிடுகிறார். வாடிக்கையாளரின் பொய்யை எப்போதும் இப்படி இரண்டு அடுக்காக எழுதுங்கள். மேலடுக்கைத் துப்பறிவாளரும் பார்வையாளரும் எளிதாகக் கண்டுபிடிக்கும்படி விட்டால், கீழடுக்கைத் தோண்ட இருவருக்குமே தோன்றாது. துப்பறிவாளர் முட்டாளாகவும் தெரியமாட்டார்.

அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் முழுக் கதையையும் இரண்டு பக்கங்களில் எழுதிப் பாருங்கள். ஆணை மயக்கி அழிவுக்கு இட்டுச்செல்லும் பெண் என்ற பழைய வார்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டால், படம் பழைய படங்களின் நகலாகிவிடும். இவருக்கு இந்த வேலையை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, பொறியாளரை என்ன செய்யப்போகிறார்கள் என்று இவரிடம் என்ன சொன்னார்கள், சாவுச் செய்தி கேட்ட இரவில் இவர் என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால், அந்த நடிகைக்கு நடிக்க ஏதேனும் இருக்கும்.

இன்றைய துப்பறிவாளர் யார்

இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பெரும்பகுதி வேலை பின்னணிச் சரிபார்ப்பு, காப்பீட்டு மோசடி விசாரணை, குடும்ப வழக்குகளுக்கான கண்காணிப்பு, கடன் வாங்கி மறைந்தவர்களைத் தேடுவது ஆகியவைதான். நாள் முழுவதும் காரில் உட்கார்ந்து ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பதிவேடுகளைப் புரட்டுவதும், எழுத்துப்பூர்வமான அறிக்கை கொடுப்பதும் அந்த வேலையின் அன்றாடம். பல நாடுகளில் உரிமம் வேண்டும். ஆனால் அந்த உரிமம் காவல்துறையின் அதிகாரத்தைத் தருவதில்லை. ஒருவரைத் தடுத்துவைத்து விசாரிக்கவோ, அழைப்பு விவரங்களைக் கேட்டுப் பெறவோ, பூட்டிய வீட்டுக்குள் நுழையவோ அவருக்கு உரிமை கிடையாது. எழுதுபவருக்கு இந்த அதிகாரமின்மை ஒரு கொடை. யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டிராத ஒருவர் கேள்வி கேட்கும்போது, பேச்சினாலும் பொறுமையினாலும் சில சமயம் பொய்யினாலும் மட்டுமே உண்மையைக் கறக்க முடியும்.

கைபேசியைக் கண்டு பல திரைக்கதையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டது, சிக்னல் இல்லை என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் பார்வையாளர் நம்பமாட்டார். மாறாக, அதைக் கதையின் இருட்டுக்குள் கொண்டுவாருங்கள். அழிக்கப்பட்ட செய்தியின் இடத்தில் “இந்தச் செய்தி நீக்கப்பட்டது” என்று மட்டும் நிற்கும் திரை, பழைய படங்களில் எரிக்கப்பட்ட கடிதத்துக்குச் சமம். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பெரும்பாலான இடங்களில் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும் என்பதால், நாள் எண்ணி ஓடும் ஒரு பதற்றம் அங்கே இயல்பாகவே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பறிவாளரின் பையில் இருக்கும் கைபேசி அவரையும் காட்டிக்கொடுக்கும். நம் எடுத்துக்காட்டில் கொலைகாரர்கள் அவருடைய அறிக்கைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அவர் சென்ற இடத்தைப் பின்தொடர்ந்தாலே போதுமானதாக இருந்தது என்று வைத்தால், கதை இன்னும் கூர்மையாகும்.

உடை, அலுவலகம், கார் எல்லாம் இந்தத் தொழிலுக்கு ஏற்றபடி கண்ணில் படாதவையாக இருக்கட்டும். கவனிக்கப்படாமல் இருப்பதே கண்காணிப்பாளரின் முதல் தேவை.

பார்வையின் எல்லை

துப்பறிவாளர் இல்லாத காட்சி எதையும் வைக்கக்கூடாது என்ற விதியைத் தொடக்கத்திலேயே உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். 1974-இல் வந்த ‘சைனாடவுன்’ இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தது: அதன் துப்பறிவாளர் அறிந்துகொள்ளும்போதுதான் நாமும் அறிந்துகொள்கிறோம், அவர் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். சிறிய தயாரிப்புக்கு இந்த விதி வேறொரு வகையிலும் உதவும். வில்லனின் மாளிகை, காவல் நிலையத்தின் உள்விவகாரம், கொலை நடந்த இரவு என்று செலவு பிடிக்கும் பல காட்சிகளை எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

பார்வையின் எல்லையைக் கேமராவின் கோணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1947-இல் வெளியான ‘லேடி இன் த லேக்’ ஏறத்தாழ முழுவதும் துப்பறிவாளரின் கண்ணாகவே கேமராவை வைத்து எடுக்கப்பட்டது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற சில இடங்களில் மட்டுமே அவருடைய முகம் தெரியும். துணிச்சலான முயற்சிதான். ஆனால் ஒரு செய்தி அவர் முகத்தில் விழும் கணத்தை நாம் பார்க்க முடியாமல் போகிறது. துப்பறியும் படத்தில் நாம் அதிகம் பார்க்க விரும்புவது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைத்தான். நடிகரைத் தேர்வு செய்யும்போதும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள்: வசனம் பேசச் சொல்லாமல், எதிரில் ஒருவரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பொய் சொல்லச் சொல்லி, உங்கள் நடிகரைக் கேட்க மட்டும் விடுங்கள். கேட்கும்போது அவர் முகத்தில் எதுவும் நடக்கவில்லை என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

பின்னணிக் குரல் வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. திரையில் தெரிவதையே குரலும் சொல்லுமானால் வேண்டாம். குரல் ஒன்று சொல்ல, படம் அதற்கு முரணான ஒன்றைக் காட்டுமானால் வைத்துக்கொள்ளலாம். “அவர் சொன்னதை நான் நம்பவில்லை” என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் சொன்ன முகவரிக்கே துப்பறிவாளர் காரை ஓட்டிக்கொண்டு போகிறார் என்றால், தம்மைப் பற்றியே அவர் பொய் சொல்லிக்கொள்கிறார் என்பது புரிந்துவிடும். குரலை எழுதுவதைப் படத்தொகுப்பின் முதல் வரைவு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் எந்த இடத்தில் அது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பது தெரியும்.

ஒளி

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நுவாருக்கு விளக்குகள் குறைவாகப் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் எங்கே வைக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

இருண்ட காட்சியைக் கேமராவிலேயே குறைவான வெளிச்சத்தில் பதிவு செய்வது பலர் செய்யும் முதல் தவறு. அப்படிச் செய்தால் நிழல்களில் இரைச்சல் புள்ளிகள் நிறைந்துவிடும். பின்னர் வண்ணச் சீரமைப்பில் அதைச் சரிசெய்ய முடியாது. முகத்தின் ஒளிபட்ட பக்கத்தைச் சரியான அளவில் பதிவு செய்து, மற்ற இடங்களுக்கு ஒளி போகாமல் தடுங்கள். முகத்தின் ஒளிப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் இடையே மூன்று ஸ்டாப் வேறுபாடு (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாகும் அளவு), அதாவது எட்டுக்கு ஒன்று என்ற விகிதம், நுவாருக்கு நல்ல தொடக்கம். நிழல் பக்கம் அதிக வெளிச்சமாகத் தெரிந்தால் இன்னொரு விளக்கைத் தேடாதீர்கள். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தில் கேமராவின் சட்டகத்துக்கு வெளியே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் ஆழமாகிவிடும். சின்ன அறைகளில் எடுப்பவருக்கு நான்கு மீட்டர் கறுப்புத் துணி ஒரு கூடுதல் விளக்கைவிடப் பயனுள்ளது.

சட்டகம் முழுவதும் மங்கலாக இருந்தால் அது இருட்டாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும். எங்கேயாவது ஒரு சின்ன இடம் பளிச்சென்று இருந்தால்தான் மற்றதைக் கண் கறுப்பு என்று ஏற்றுக்கொள்ளும். மேசை விளக்கின் கூண்டு, கண்ணாடிக் குவளையின் விளிம்பு, தூரத்து சன்னல் என்று ஒவ்வொரு சட்டகத்திலும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சன்னல் பட்டைகளின் நிழல் அலுத்துப்போன உத்திதான் என்றாலும், ஒருமுறையாவது வைத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். அது சரியாக விழாமல் பாதிநாள் போய்விடுவதும் உண்டு. நிழலின் கூர்மையைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒளி வரும் பரப்பின் அளவு, தூரங்களின் விகிதம். விளக்கின்மேல் பொருத்திய வெண்துணியையும், ஒளியை மென்மையாக்கும் மென்பெட்டியையும் (சாஃப்ட்பாக்ஸ்) கழற்றிவிட்டு, வெறும் எல்.இ.டி. தலையை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பட்டைகளிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். பட்டைகளை நிழல் விழவேண்டிய சுவருக்கோ முகத்துக்கோ அருகில், ஒரு மீட்டர் அளவுக்குள் கொண்டுவாருங்கள். விளக்கு அருகில் இருந்தால் கோடுகள் விசிறிபோல விரியும். தொலைவில் இருந்தால் இணைகோடுகளாகச் சூரிய ஒளிபோல விழும். விளக்கின் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் அதற்கேற்ற திறனுள்ள விளக்கு வேண்டும். உண்மையான சன்னல் தேவையில்லை. ஒரு மரச்சட்டத்தில் அட்டைப் பட்டைகளை ஒட்டி ஒரு தாங்கியில் மாட்டினால் அதே விளைவு கிடைக்கும். இதெல்லாம் சரியான பிறகு, நடிகரை ஒரு விரற்கடை மேலும் கீழும் நகர்த்தி, ஒளிக்கோடு ஒன்று அவருடைய ஒரு கண்ணில் மட்டும் விழும்படி நிறுத்துங்கள். அவர் பொய் சொல்லும் வரியில் சற்றே தலை சாய்த்தால் அந்தக் கண் இருளுக்குள் போய்விடும். நடிகர் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்காதபடி நாற்காலியின் கால்களைத் தரையில் நாடாவால் குறித்துவிடுங்கள்.

பின்னணி முழுவதையும் மங்கலாக்கிவிடும் இன்றைய வழக்கம் நுவாருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். பின்னால் இருக்கும் கதவு, மாடிப்படி, நிற்கும் ஆள் எல்லாம் துப்பறிவாளரைச் சூழ்ந்திருக்கும் உலகம்; அவர் கவனிக்கத் தவறியது அங்கேதான் இருக்கும். லென்ஸ் துளையை எஃப் 4 அளவுக்காவது சுருக்கி வைத்து, சற்றே அகன்ற லென்ஸில் எடுத்தால், அந்த உலகம் சட்டகத்துக்குள் உயிரோடு இருக்கும்.

இரவுத் தெருவுக்கு வருவோம். உலர்ந்த தார்ச்சாலை ஒளியை விழுங்கிவிடும். ஈரச் சாலை தூரத்து விளக்குகளைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். அதனால்தான் பல படங்களின் இரவுத் தெருக்கள் மழை பெய்யாமலே நனைந்திருக்கின்றன. கேமராவுக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் நனைத்தால் போதும். மழையே வேண்டுமானால், துளிகளுக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்க வேண்டும். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் மழை திரையில் தெரியாது. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், மின்கசிவு தடுப்பான் இல்லாத இணைப்பைப் பயன்படுத்தாதீர்கள். இணைப்பு முனைகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். தெருவின் முழுத் தோற்றத்தைக் காட்டும் ஷாட்டுகளை நள்ளிரவில் எடுக்காமல், சூரியன் மறைந்து வானம் கருநீலமாக இருக்கும் இருபது முப்பது நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால், கட்டடங்களின் விளிம்புகள் வானத்துக்கு எதிரே தனித்துத் தெரியும்.

தெருவிளக்குகளில் சில கேமராவில் துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி பதியும் நேரத்தை) 1/50 நொடியிலும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 நொடியிலும் வைத்தால் பெரும்பாலும் துடிப்பு அடங்கிவிடும். குறைந்த அழுத்த மஞ்சள் சோடியம் விளக்குகளின் ஒளி ஏறத்தாழ ஒரே நிறத்தால் ஆனது; அதன் கீழே எடுத்த சிவப்புச் சட்டையைப் பின்னர் சிவப்பாக மீட்டெடுக்க முடியாது. எனவே அந்த மஞ்சளை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் படத்தையே கறுப்பு வெள்ளையில் எடுங்கள்.

கறுப்பு வெள்ளை என்பது பின்னர் எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். வண்ணத்தில் தனித்துத் தெரிந்த நடிகை, சுவரோடு சுவராகக் கலந்துவிடுவார். உடைகளையும் சுவர்களையும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்து, படப்பிடிப்பில் மானிட்டரையும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு மட்டும் வண்ணத்திலேயே இருக்கட்டும். தோலின் சாயலையும் வானத்தின் அடர்த்தியையும் தனித்தனியாகச் சீரமைக்க அந்த வண்ணத் தகவல் உதவும்.

ஒலி

மங்கலான படத்தைப் பார்வையாளர் பாணி என்று எடுத்துக்கொள்வார். புரியாத வசனத்தை அப்படி எடுத்துக்கொள்ளமாட்டார். ஒரு நல்ல ஒலிப்பதிவாளருக்காக ஒரு லென்ஸின் வாடகையை விட்டுக்கொடுப்பது சரியான முடிவு. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஒலியை முப்பது நொடியாவது பதிவு செய்துகொள்ளுங்கள். வீடுகளில் எடுக்கும்போது குளிர்சாதனப் பெட்டியை அணைக்க நேரும்; அதை மீண்டும் போட மறக்காமலிருக்க, காரின் சாவியை அதற்குள் வைத்துவிடுவது படப்பிடிப்புக் குழுக்களில் உள்ள பழைய பழக்கம்.

காட்ட முடியாத உலகத்தை ஒலியால் கட்டலாம். மேல்தளத்தில் யாரோ நடக்கும் சத்தம், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒலித்து நின்றுபோகும் தொலைபேசி, தளம் தளமாக ஏறி வந்து இந்தத் தளத்தில் நிற்கும் லிஃப்ட் ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. துப்பறிவாளரைப் போலவே பார்வையாளரும் எழுந்து போய்ப் பார்க்க முடியாமல் தவிப்பார். இசையில் சாக்ஸஃபோனைத் தேடி ஓட வேண்டியதில்லை. 1940-களின் நுவார் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாத்தியக் குழு இசைதான் இருந்தது. தனித்தழும் சாக்ஸஃபோன் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட அடையாளம். வேறொருவருடைய பாடலைப் பயன்படுத்துவதானால், இசையமைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமை பெறவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படப்பிடிப்பு

சிறிய முதலீட்டுக்கு இரண்டு வழிகள் பயன்பட்டிருக்கின்றன. 1998-இல் வந்த ‘ஃபாலோயிங்’ படத்தைக் கிறிஸ்டோபர் நோலன் 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைச் சுருளில், வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, ஏறத்தாழ ஓர் ஆண்டு வார இறுதிகளில் எடுத்தார். சுருள் செலவைக் குறைக்க நாடகம்போல முழுமையாக ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்குகளில் காட்சியை முடித்தார்கள். பெரும்பாலும் கிடைத்த ஒளியே போதுமானதாக இருந்தது. ரையன் ஜான்சனின் ‘பிரிக்’, 2005-இல் வந்தது. ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், இயக்குநர் படித்த பள்ளியிலேயே எடுக்கப்பட்டது. துப்பறிவாளர் ஒரு பள்ளி மாணவர். வெயிலடிக்கும் மைதானங்களில் நடக்கும் கதை. ஆனாலும் நுவாரின் பேச்சும் சந்தேகமும் முழுமையாக அதில் உண்டு. உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இடம் எது என்று முதலில் பட்டியலிட்டு, துப்பறிவாளரின் வழக்கை அந்த இடங்களுக்குள் கொண்டுவந்து எழுதுவதுதான் இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

இரவுப் படப்பிடிப்பு உடலை வாட்டும். இரவுக் காட்சிகள் எல்லாவற்றையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்து, ஓர் இரவு முடிந்து அடுத்த அழைப்புக்குள் குழுவினருக்குப் பதினோரு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும்படி அமையுங்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி வீடு திரும்பும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அறைக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளை, சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே எடுக்கலாம். காட்சியில் துப்பாக்கி வருமானால், அது பொம்மையாக இருந்தாலும், பொது இடத்தில் வெளியே எடுப்பதற்கு முன் காவல்துறைக்குத் தெரியப்படுத்த வேண்டும். உண்மையான ஆயுதமோ தோட்டாவோ படப்பிடிப்புத் தளத்துக்குள் வரவே கூடாது. என்னைக் கேட்டால், துப்பாக்கியே இல்லாமல் எழுதுவேன். நுவாரில் ஓர் அடி விழுந்தால் அது கடைசிவரை உடலில் இருக்க வேண்டும்: உதடு கிழிந்தவர் மறுநாள் காலையில் காபி குடிக்கத் திணற வேண்டும். அந்த ஓர் அடி, பத்து துப்பாக்கிச் சண்டைகளைவிடப் பார்வையாளருக்கு வலிக்கும்.

படத்தொகுப்பு

முதல் வரைவு முடிந்ததும், கதை தெரியாத ஐந்து பேரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள். நான்கைந்து இடங்களில் நிறுத்தி, இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள், யாரை நம்புகிறீர்கள் என்று மட்டும் எழுதி வாங்குங்கள். படம் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். திரைக்கதையில் நீங்கள் எழுதிவைத்த ‘தவறான முடிவு’ என்ற குறிப்போடு அவர்களுடைய விடைகளை ஒப்பிட்டால், எந்த இடத்தில் இரகசியம் முன்கூட்டியே கசிகிறது, எந்த இடத்தில் குழப்பம் மட்டுமே மிஞ்சுகிறது என்பது தெளிவாகத் தெரியும். கசிவைப் பெரும்பாலும் ஒரு பார்வையைக் குறைப்பதன் மூலமே சரிசெய்யலாம்: பொய் சொன்னவரின் முகத்தில் நீங்கள் ஒரு நொடி அதிகமாக நின்றிருப்பீர்கள். குழப்பத்துக்கு மருந்து வேறு. துப்பறிவாளர் தவறாகவேனும் ஒரு முடிவுக்கு வருவதை வெளிப்படையாகக் காட்டிவிட்டால், பார்வையாளருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

முடிவை விளக்கிச் சொல்லும் ஆசை கடைசிவரை இருக்கும். அதற்கு இடம் கொடுக்காமலிருக்க, முதல் காட்சியை எடுப்பதற்கு முன்பே கடைசி ஷாட்டைத் தீர்மானித்துவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்தப் புகைப்படத்தைப் படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டியிருக்கும். தோளில் கை வைத்து நிற்பவராகக் காவல்துறை நண்பராக நடிப்பவரையே நிறுத்தி, எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில், எல்லாம் முடிந்துபோய் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளருக்கு ஆறுதல் சொல்ல அந்த நண்பர் வருகிறார். அதே லென்ஸ், அதே தூரம், அதே உயரம். நண்பரின் முகம் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. துப்பறிவாளரின் இடது தோளின்மேல் நான்கு விரல்கள் வந்து படிகின்றன. ஒரு விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்திருக்கிறது. வசனமும் இசையும் வேண்டாம். அவர் தலையைத் திருப்பாமல் கண்களை மட்டும் தாழ்த்தி அந்த விரல்களைப் பார்க்கும் வரை பொறுத்திருந்து, அங்கே வெட்டுங்கள்.